டெல்வின் ப்ரூயிட்டின் தலையிலிருந்து விழுந்தவை

எங்கள் ஊரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு மனுஷனுடைய தலைக்குள்ளிருந்து சாமான் விழ ஆரம்பித்தபோது, ஒருத்தருக்காவது ஐயோ என்று வாயில் வந்ததா என்றால், இல்லை, ஸ்டேடியம் மொத்தமும் எழுந்து நின்று கையைத்தான் நீட்டியது, தூ, இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியதற்கு எனக்கு இதையும் பார்க்க வேண்டியிருந்தது.

ஊருக்குப் பேர் கார்வர் ஃபால்ஸ். அமெரிக்காவில் பனி அதிகமாகவும் வேலை குறைவாகவும் இருக்கிற பக்கம். இரும்பாலை மூடிய பிறகு, கண்ணாடித் தொழிற்சாலை மூடிய பிறகு, இருந்த ஒரு தியேட்டரும் மூடிய பிறகு ஊரில் மிஞ்சியது ஃபுட்பால் டீம் ஒன்றுதான். டீமுக்குப் பேர் மியூல்ஸ், நம் பாஷையில் கோவேறு கழுதை, பேர் வைத்தவன் ஊர் ஜனத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வைத்திருக்கிறான். டெல்வின் ப்ரூயிட் அதில் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவன். அவன் ஓட, எதிரே நாலு தடியன்கள் வந்து மோத, மோதி மேலே விழ, அவன் அடியில் கிடந்து எழுந்து மறுபடி ஓட, மறுபடி மோத, இதற்குப் பெயர் விளையாட்டு. எங்களுக்கு அடுத்த வீடு.

அன்றைக்கு மோதிய சத்தம் ஸ்டேடியத்துக்குள்ளே இருக்கும் என் கவுண்டர் வரைக்கும் கேட்டது. அவனுடைய ஹெல்மெட் கம்பி இடுக்கு வழியாக ஒரு தூண்டில் முள் விழுந்தது, ஈரமாக, ஆற்றுச் சேற்று வாசனையோடு, நுனியில் புழு இன்னும் நெளிந்துகொண்டிருந்ததாம். நடுவர்கள் விசில் ஊதி, கூடி நின்று குசுகுசுவென்று பேசினார்கள். ஆட்டக்காரன் தலையிலிருந்து தூண்டில் முள் விழுந்தால் தப்பு என்று விதியில் எங்கேயும் இல்லாததால், அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்கள். முன்வரிசை ஆள் ஒருவன் தடுப்பைத் தாண்டிக் குதித்து அதை எடுத்துக்கொண்டான்.

அவனைத் திருடன் என்று யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அந்த ஸ்டேடியத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரன் கையுறையைக் கழற்றி வீசினாலும் சரி, வேர்வைத் துண்டை வீசினாலும் சரி, பிடித்தவனுக்குத்தான் அது சொந்தம், அப்புறம் யாரும் கேட்கக் கூடாது. அப்பன் பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை அவன் பிள்ளைக்குச் சொல்லி வருகிற வழக்கம். வீசுவதற்கும் விழுவதற்கும் வித்தியாசம் உண்டு என்று அந்தக் கழுதைகள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

எனக்கு உறைத்தது, ஏனென்றால் என் கவுண்டர் தொலைந்த சாமான் கவுண்டர். சிவகாசியில் பிறந்த பரிபூரணமாகிய நான் இங்கே வந்து 'மிஸ் பூரி' ஆகி, ஒற்றைச் செருப்பு, பல்செட்டு, கண்ணாடி, ஒரு தடவை ஒரு மரக்கால், எல்லாவற்றையும் உடையவர்களிடம் சேர்ப்பிப்பதுதான் பிழைப்பு. சாமானைத் தொலைத்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அடுத்த நாள் காலையில் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்த டெல்வினுக்கு அந்த முகம்தான் இருந்தது, ஆனால் என்ன தொலைந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

அப்புறம் வாராவாரம் விழுந்தது. கொதிக்கக் கொதிக்க ஒரு துண்டு பீச் பழ அப்பம் விழுந்தது, கிரீச்சென்று சத்தம் போடும் ஒரு கம்பிவலைக் கதவு விழுந்தது, தலைக்குள் அது எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, ஒரு வாரம் ஒரு மழை மத்தியானம் முழுசாக விழுந்து மைதானத்தின் நடுக்கோட்டில் மட்டும் கொட்டித் தீர்த்தது, ஜனம் பீர் கிளாஸ்களில் பிடித்து மூடி போட்டுக்கொண்டு போனது. சாமானைக் கையில் எடுத்தால், அதோடு டெல்வினுக்கு இருந்த ஞாபகமெல்லாம் எடுத்தவனுக்கு வந்துவிடும். கதவைத் தொட்டால், எட்டு வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து அதைத் தள்ளிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டது நமக்கே நடந்தது போல இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அது நமக்கு நடந்ததா?

ஊர் அதைக் கண்டு பயப்படவில்லை, அசரவில்லை, கையைக் கழுவிக்கொண்டு பந்தியில் உட்கார்ந்துவிட்டது. ஆட்டத்துக்கு முன்னால் ஸ்டேடியத்து வண்டி நிறுத்துமிடத்தில் காரின் டிக்கியைத் திறந்துவைத்து இறைச்சி சுட்டுத் தின்கிறவர்கள், இப்போது அங்கேயே மீன்வலையும் விற்க ஆரம்பித்தார்கள், நீளக் கம்பு வைத்தது, பிள்ளைகளுக்குச் சின்னது. பல் டாக்டர் விட்லாக் வீட்டு விருந்தில் சாப்பாடு முடிந்ததும் அந்தப் பீச் அப்பத்தைத் தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டார், ஆளுக்கு ஒரு நிமிஷம் தொட்டுப் பார்த்து, 'ஆஹா, பாவம், எவ்வளவு ஏழ்மை, எவ்வளவு பாசம்' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு காபிக்குப் போனார்கள். பாதிரியார் பிரசங்கம் வைத்தார். மேயர், தெற்குப் பக்கம் அதிகம் விழுகிறது என்று அங்கே கூடுதலாக நாற்காலி போட்டார். எதிர் டீம்காரன் டெல்வின் மேல் பாயும்போது நம்மூர்க்காரர்களே, 'இன்னும் பலமா! இன்னும் பலமா!' என்று கத்தினார்கள். டீம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன, ஏதாவது விழுந்தால் சரி.

நம் ஆட்கள் மட்டும் யோக்கியமா? தமிழ்ச் சங்கத் தலைவர் மார்க்கபந்து அந்த மழையில் ஒரு பாட்டில் எங்கிருந்தோ வாங்கிவந்து தீபாவளி விழாவில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பட்டுப்புடவைகள் எல்லாம் வரிசையில் நின்று ஆளாளுக்குப் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துப் பார்த்தார்கள். "அப்படியே நம்ம ஊரு மழைங்க மேடம், மண்வாசனை வருது பாருங்க," என்றார் மார்க்கபந்து, கண்ணெல்லாம் தண்ணி. "அது உங்க ஊரு மழை இல்லை, அடுத்தவன் வீட்டு மழை, அவன் நனையணும்," என்றேன். அன்றைக்கு எனக்கு அதிரசம் யாரும் எடுத்து வைக்கவில்லை.

திருப்பிக் கொடுத்தால் திரும்பும் என்று எனக்குத் தெரியும், என் கண்ணால் பார்த்தேன். அந்தத் தூண்டில் முள்ளை எடுத்தவன் விரலில் குத்திக்கொண்டு, 'சனியன்' என்று திட்டி என் கவுண்டரில் எறிந்துவிட்டுப் போனான். நான் அதைக் கைக்குட்டையில் சுற்றி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோனேன். டெல்வினின் பெண்டாட்டி கொரீன் அதை அவன் நெற்றியில் வைத்தாள், சுடுசோற்றில் நெய் இறங்குகிற மாதிரி உள்ளே இறங்கிப் போயிற்று. அவன் கெக்கெக்கென்று சிரித்து, "எங்கப்பா புழுவை வாயில கடிச்சுத் துண்டாக்குவார் மிஸ் பூரி!" என்றான். மறுநாளே டீம் முதலாளி ஆள் அனுப்பினார். தலையிலிருந்து விழுவது தொலைந்த சாமான் கணக்கில் வராது, அது ரசிகர்களின் நினைவுப் பொருள், இனிமேல் நான் தொடக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஆட்டத்தில் ஏதோ சின்னதாக, லேசாக விழுந்ததாம். காற்று தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்துக்குள் போட்டது, என்ன என்றே யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. டெல்வின் வீட்டுக்கு வந்தான். அவன் மகள் ஜூனி, ஆறு வயது, முன்பல் இரண்டும் இல்லாத வாயோடு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டது. அவன் குனிந்து, ரொம்ப மரியாதையாக, "பாப்பா, உங்க அம்மா எங்கே? வழி தவறிட்டியா?" என்று கேட்டான்.

கொரீன் போட்ட சத்தத்தில் நான் அடுப்பை அணைக்காமல் ஓடினேன். பிள்ளை அழவில்லை. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துக்கொண்டு, "நான்தான் ஜூனி, நான்தான் ஜூனி," என்று சொல்லிக்கொண்டே இருந்தது. அவன் அதன் தலையைத் தடவி, "அழகான பேரு," என்றான்.

அன்றிலிருந்து கொரீன் ஊரில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் தட்டினாள், நானும் கூடப் போனேன். கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, மற்றதெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளையை மட்டும் கொடுத்துவிடுங்கள். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள், கேக் கொடுத்தார்கள், கண்ணாடி அலமாரியில் விளக்குப் போட்டு வைத்திருக்கிற சாமானைக் காட்டினார்கள். அவள் கல்யாண நாளன்று டெல்வின் நடுங்கிய நடுக்கம் ஒரு வீட்டில் இருந்தது, அவன் அம்மாவின் குரல் ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குள் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே கேக்கை மென்றாள். "நீங்க புரிஞ்சுக்கணும், எங்களைவிட உங்க புருஷனை நேசிக்கிறவங்க இந்த உலகத்துல கிடையாது," என்றாள் விட்லாக் பெண்டாட்டி. இன்னொருத்தி வாசல் வரை வந்து வழியனுப்பி, கொரீனிடமே பேனாவைக் கொடுத்து ஒரு கையெழுத்துக் கேட்டாள். எனக்கு அங்கேயே வாந்தி வந்தது, ரோஜாச் செடியடியில் எடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

இதற்கிடையில் என் வீட்டுக்காரர் சொர்ணவேல் மாறிப்போயிருந்தார். நகராட்சித் தண்ணீர்ச் சுத்திகரிப்பில் வேலை, யாரோடும் ஒட்டாத ஆள், ஜூனியின் பந்து எங்கள் தோட்டத்தில் விழுந்தால் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தெறிகிறவர். அவர் இப்போது அந்தப் பிள்ளைக்கு ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கிக் கொடுக்கிறார், ஷூ கயிறு கட்டிவிடுகிறார், தன்னை மாமா என்றும் என்னை அத்தை என்றும் கூப்பிடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மதுரையிலும் பார்த்தாயிற்று, இங்கேயும் பார்த்தாயிற்று, அப்புறம் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். வயசாகிறது, மனுஷன் கனிகிறார் என்று நான் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன், பைத்தியக்காரி.

ஒரு சாயங்காலம் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் ஜூனி இருமியது. இவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"நெஞ்சுச் சளி," என்றார். "பொறந்த அன்னிக்கே இப்படித்தான் கரகரன்னு இருந்துச்சு. கொரீன் அசந்து தூங்கிட்டா, நான்தான் விடிய விடிய நெஞ்சுல போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"யாரு?" என்றேன்.

அவர் டம்ளரை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"யாருங்க உக்காந்திருந்தது?"

நான் கொடுத்த இலவச டிக்கெட்டில்தான் அவர் ஆட்டம் பார்க்கப் போவார். அவர் எதையும் ஒளித்துவைக்கிற இடம் ஒன்றுதான், நான் நேரே பூஜை அலமாரிக்குப் போனேன், முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டேன், இருந்தது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தைக்கு மாட்டிவிடுகிற கோடு போட்ட சின்னக் குல்லா, இப்போதுதான் தலையிலிருந்து கழற்றின மாதிரி வெதுவெதுப்பு.

"சாமி படத்துக்குப் பின்னாடி திருட்டுச் சாமானா? உங்களுக்கு வெக்கமா இல்லை? அந்தப் பொம்பளை வீடு வீடாப் பிச்சை எடுக்குறா, நான் கூடவே அலையுறேன், நீங்க இங்க உக்காந்து காபி குடிக்கிறீங்களே!"

"நான் பிடிக்கல பூரணம். அதுவா வந்து மடியில விழுந்துச்சு." அவர் எழுந்து வந்தார், என்னிடமிருந்து பிடுங்கவில்லை, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "ஒரு பிள்ளைக்கு அப்பனா இருக்கிறது எப்படின்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே தெரியாம இருக்கச் சொல்றியா?"

"ஆமா. சொல்றேன்."

சொல்லிவிட்டேன், ஆனால் அதற்குள் குல்லா என் கையில் சூடேறிவிட்டது. நெஞ்சில் ஒரு கனம், பூனைக்குட்டிக்கு இருக்கிற அளவு, கழுத்துக்குழியில் ஒரு மூச்சு, என் விரலைப் பிடித்த ஐந்து விரல். எனக்கு யாரும் கொடுக்காதது, நான் யார் யாரிடமோ கேட்டுக் கேட்டுக் களைத்தது. அடுத்த வீடு கூப்பிடு தூரம்தான், போய்ச் சேர எனக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேட்காதீர்கள்.

குல்லா அவன் நெற்றிக்குள் இறங்கியது. டெல்வின் பிள்ளையைப் பார்த்தான், அப்புறம் தரையில் உட்கார்ந்து, அதன் காலைக் கட்டிக்கொண்டு, மாடு மாதிரிக் கதறினான். ஜூனி அவன் தலையைத் தட்டிக்கொடுத்து, "பரவால்லப்பா, பரவால்லப்பா," என்றது. நான் வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சொர்ணவேல் தட்டில் போட்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

ஆட்டத்தை விட்டுவிடச் சொல்லி கொரீன் மன்றாடினாள். நானும் சொன்னேன், "போதும்டா ராசா, கொடுத்தது போதும்." அவன் ரொம்ப நேரம் யோசித்தான், அவனுக்கு யோசிக்க அப்போது உள்ளே அதிகம் எதுவும் மிச்சமில்லை. "மிஸ் பூரி, எல்லாம் விழுது, இந்த ஆட்டம் மட்டும் விழவே மாட்டேங்குது. எங்க ஓடணும், எப்பத் திரும்பணும், எல்லாம் அப்படியே இருக்கு. இதை விட்டா நான் யாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அவனைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அதை மட்டும் விட்டுவைத்துவிட்டு மற்றதையெல்லாம் தின்ற ஊரைத்தான் கோபித்துக்கொள்ள வேண்டும், ஊருக்கு அது உறைக்கவா போகிறது?

அவனே ஒரு வழி கண்டுபிடித்தான், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தின் கையில் குல்லா விழுவதற்கு முன்னால் அதை இங்கேயே விழவைத்துவிடுவது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு எங்கள் கார் ஷெட்டுக்கு வந்து, தலையைக் குனிந்து, ஓடிப்போய்ச் சுவரில் மோதினான். வேறு ஏதோ விழுந்தது, கொரீன் அதைப் பொறுக்கி உடனே நெற்றியில் வைத்தாள். மறுபடி மோதினான். குல்லா விழுகிறவரை மோதினான், ஷெட்டில் தொங்கிய சாமானெல்லாம் ஆடியது, நான் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். விழுந்ததும் அவன் யாருடைய வீடு இது என்பது போலப் பார்த்தான். கொரீன் அதை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"திங்கக்கிழமை வந்து வாங்கிக்கிறேன். எங்க வீட்ல வெக்க முடியாது, நாங்க ஸ்டேடியம் போனதும் ஜன்னலை உடைச்சுத் தேடுறாங்க."

"எங்க வீட்லயா? எங்க வீட்டு லட்சணம் தெரியாதா உனக்கு?"

"தெரியும்," என்றாள் கொரீன். "ஆனா இந்த ஊர்ல திருப்பிக் கொடுத்தது நீங்க ஒருத்தர்தான்."

அப்படியாக, ஆட்டமுள்ள ஒவ்வொரு வாரமும் சனிக்கிழமை ஜூனி குல்லாவாக எங்கள் வீட்டுக்கு வந்தாள், திங்கட்கிழமை போனாள். நான் குல்லாவை எவர்சில்வர் தூக்குச்சட்டியில் போட்டு மூடி, சொர்ணவேல் தொடக் கூடாது என்று கறாராகச் சொன்னேன். நான் மட்டும் எடுப்பேன், சூடு ஆறாமல் இருக்கிறதா என்று பார்க்க. அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கவுண்டருக்கு லீவு சொல்லிவிட்டேன், சாயங்காலம் பார்த்தால், அடுத்த தெருவிலிருந்து ஸ்டேடியத்து இரைச்சல் கேட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து, நடுவில் குல்லாவை வைத்து, ஆளுக்கு ஒரு விரலை அதன்மேல் வைத்துக்கொண்டிருந்தோம். பல் டாக்டர் வீட்டு விருந்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன், விரலை எடுக்கவில்லை. சீ, என்ன ஜென்மம்.

மியூல்ஸ் கோப்பையை ஜெயித்தது. திங்கட்கிழமை காலையில் ஊர்வலம், பள்ளிக்கூடம் லீவு, கடைகள் லீவு, திறந்த லாரியில் ஆட்டக்காரர்கள் குடும்பத்தோடு நின்று கையசைக்க, ஜனம் காகிதத்தைக் கிழித்துப் பனியோடு பனியாகப் பறக்கவிட்டது. வழக்கமாக விடிந்ததும் வந்துவிடுகிற கொரீன் அன்றைக்கு வரவில்லை. காபி ஆறியது. பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று.

"அவங்களே மறந்துட்டாங்க போல," என்றார் சொர்ணவேல் மெதுவாக. "அவன் கேக்க மாட்டான், அவனுக்கு எதைக் கேக்கணும்னு தெரியாது. கொரீன்தான்... அவளுக்கும் அலுத்திருக்கும்."

வாயை மூடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் குல்லாவை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறந்துவிடட்டுமே என்று எனக்குள் ஒரு குரல் சொல்லியது, அது என் குரல்தான், வேறு யாருடையதும் இல்லை.

வாசல் மணி அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தது, எட்டாத உயரத்தில் இருக்கிற மணியைக் குதித்துக் குதித்து அடிக்கிற மாதிரி விட்டு விட்டு அடித்தது. கடைசியில் நான்தான் போய்த் திறந்தேன்.

ஜூனி தனியாக நின்றாள், தலைமுடியெல்லாம் காகிதத் துணுக்கு, லாரியிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறாள், மூச்சு வாங்குகிறது. பின்னால் தெருமுனையில் கொரீன் அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வருவது தெரிந்தது. பிள்ளை தன் வலது கையை எனக்கு நீட்டிக் காட்டியது. உள்ளங்கையிலிருந்து முழங்கை வரைக்கும் கறுப்பு மையில், பெரிய எழுத்தில், டெல்வின் ப்ரூயிட் என்று கையெழுத்து.

"ஆட்டோகிராஃப் வேணுமான்னு கேட்டாரு அத்தே," என்றது. "நான் வேணும்னு சொன்னேன். இல்லேன்னா பாவம்ல?"

எனக்குப் பின்னால் சொர்ணவேல் விசும்புவது கேட்டது. பிள்ளை அவரை எட்டிப் பார்த்தது, அப்புறம் என் மூடிய கையைப் பார்த்தது, கோபம் எதுவும் இல்லை அதன் முகத்தில், கடையில் வந்து சாமான் கேட்கிற மாதிரித்தான் கேட்டது.

"என்னைக் குடுங்க அத்தே. எங்க அப்பாவுக்கு வேணும்."

கொடுக்கத்தான் நினைத்தேன், சத்தியமாக. கைதான் திறக்கவில்லை. ஜூனி மை படிந்த தன் விரல்களால் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.